ஆட்டம் முடிந்தபின் அருந்துவது எது?

கடலோரப் பங்கு ஒன்றில் வாழும் தாய் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஒரு வினா விடுத்தார். அவருடைய மகனுக்கு வயது 16. மாலைதோறும் கோவில் திடலில் கால்பந்து ஆடுகிறான். ஆட்டம் முடிந்ததும் கடையில் விற்கும் வண்ணப் பானம் ஒரு புட்டி பருகினால்தான் இழந்த தெம்பு மீளும் என்று உடன் ஆடும் பிள்ளைகள் அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதற்காக வாரத்தில் நான்கு நாள் 50 ரூபாய் வீதம் தாயிடம் கேட்கிறான். அத்தாயோ கூடை சுமந்து மீன் விற்று வாழ்பவர். “சாமி, பிள்ளையின் உடம்புக்கு அது வேண்டியதுதான் என்றால் எப்படியாவது கொடுத்துவிடுவேன். வேண்டுமா, வேண்டாமா என்று மட்டும் சொல்லிவிடுங்கள்” என்றார்.

மாதம் ஒன்றுக்கு 800 ரூபாய்! கூடை சுமக்கும் குடும்பத்தில் அது சிறு தொகையன்று. வேண்டாம் என்று ஒரே சொல்லில் விடை கூறியிருக்கலாம். ஆயினும், காரணம் கூறாத விடையைப் பதினாறு வயதுப் பிள்ளை ஏற்கமாட்டான், ஏற்கவும் வேண்டியதில்லை. இதே வினா வேறு பல இல்லங்களிலும் எழுந்திருக்கும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆதலால் இம்மாதம் இதனைச் சற்று விரிவாகவே காண்போம்.

வியர்வையோடு உடலை விட்டு வெளியேறுவது என்ன என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். நம் தசைகள் உழைக்கும்போது அவை செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் ஓட்டமாகவும் உதையாகவும் வெளிப்படுகிறது. எஞ்சியது முழுவதும் வெப்பமாக மாறி உடலுக்குள் தேங்குகிறது. அவ்வெப்பத்தை வெளியேற்ற உடல் கையாளும் வழியே வியர்வை. தோலின்மீது பரவிய நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் உடன் கொண்டு போகிறது. கடற்கரை ஊர்களில் காற்று ஈரம் மிக்கதாதலால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுகிறது. அவ்வாறு விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. எனவே உடல் மேலும் மேலும் வியர்க்கிறது. மதுரையில் ஆடுபவனைக் காட்டிலும் குமரிக் கடற்கரையில் ஆடுபவன் விரைவில் நனைந்துபோவது இதனாலேதான்.

ஒரு மணி நேர ஆட்டத்தில் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை வியர்வை வெளியேறலாம். வெயில் கடுமையாயின் இன்னும் மிகுதியாகவும் வெளியேறும். ஆளுக்கு ஆள் இது வேறுபடும். தம் பிள்ளை எவ்வளவு இழக்கிறான் என்று அறிய விரும்பும் பெற்றோர்க்கு எளிய வழி ஒன்றுண்டு. ஆட்டத்திற்கு முன்பும் பின்பும், நனைந்த சட்டையைக் களைந்துவிட்டு, எடை பார்க்கட்டும். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் என்று கணக்கிடலாம். இடையில் நீர் பருகியிருந்தால் அதனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எடைக்கருவி இல்லாத இல்லத்தில் சிறுநீரின் நிறமே போதிய சான்று. வெளிர் மஞ்சளாயின் நன்று. அடர்ந்த மஞ்சளாயின் இன்னும் நீர் வேண்டும்.

வியர்வையில் நீரையடுத்து மிகுந்திருப்பது உப்பு. கண்ணில் வழியும்போது எரிவதும், நாவில் பட்டால் கரிப்பதும், உலர்ந்த சட்டையில் வெண்கோடாகப் படிவதும் அதுவே. ஒரு லிட்டர் வியர்வையில் சோடியம் என்னும் தாது அரை கிராம் முதல் ஏறக்குறைய 2 கிராம் வரை உண்டு. நடுத்தரமாக ஒரு கிராம் என்று கொண்டால், அது நாம் சமைக்கும் உப்பில் இரண்டரைக் கிராமுக்குச் சமம். தட்டையாக வழித்த தேக்கரண்டியில் அரைக் கரண்டிக்குச் சற்றுக் குறைவு. பொட்டாசியம் மிகச் சிறிதளவே வெளியேறுகிறது. சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் அதனினும் குறைவு. வைட்டமின்களோ கணக்கில் கொள்ளத்தக்க அளவில் வெளியேறுவதேயில்லை. புட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்ட ‘வைட்டமின் நிறைந்தது’ என்னும் வாசகம், ஆடி முடித்தவன் இழக்காத ஒன்றை அவனுக்கே விற்கும் வாசகம் என்க.

ஆக, ஒரு மணி நேரம் ஆடிய பிள்ளைக்குத் திரும்ப வேண்டியது நீர். அதன்பின் சிறிது உப்பு. அவ்வுப்பும் அவனை வீட்டில் காத்திருக்கிறது. குழம்பு, இரசம், ஊறுகாய், கருவாடு என்று நம் இரவு உணவில் அது தேவைக்கு மேலேயே உண்டு. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு உண்ணுமாறு உலக நல நிறுவனம் கூறுகிறது. நம் நாட்டினர் பலர் அவ்வளவைக் கடந்தே உண்கின்றனர். எனவே அத்தாயின் வினாவிற்கு நேர் விடை இதுதான்: மாலையில் ஒரு மணி நேரம் ஆடும் பிள்ளைக்கு நல்ல தண்ணீரும் வயிறார இரவு உணவும் போதும். கடைப் பானம் வேண்டியதில்லை.

ஆனால் எல்லா நாளும் ஒரு மணி நேர ஆட்டமாகவே இருப்பதில்லையே! கோடை விடுமுறையில் நடைபெறும் போட்டிகளில் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் ஆட வேண்டிவரும். நெடுந்தூரம் ஓடுவோர் உளர். வேளாங்கண்ணிக்கு நாட்கணக்கில் கால்நடையாகச் செல்வோர் உளர். ஒன்றரை மணி நேரத்திற்கு மேல் வெயிலில் வியர்க்க உழைப்போர்க்கு வெறும் நீரினும் சிறிது உப்பும் சிறிது இனிப்பும் கலந்த நீர் சிறந்தது. வெறும் நீரை மிகுதியாகப் பருகினால் அதிற் பெரும்பகுதி விரைவில் சிறுநீராகக் கழிந்துவிடும். உப்பு அதனை உடலில் நிறுத்தி வைக்கிறது. இனிப்பு, களைத்த தசைக்குத் தீனி. சுவையோ, இன்னும் ஒரு மிடறு பருகத் தூண்டுகிறது. அத்தகையோர்க்கு வீட்டிலேயே எதனை, எவ்வளவில் ஆக்குவது என்பதே இனி நாம் கூற வருவது. அதற்கு முன், இந்த உப்பும் இனிப்பும் எவ்வாறு கூட்டுச் சேர்ந்தன என்று சொல்லியாக வேண்டும். அந்த வரலாறு அறியத்தக்கது.

1965ஆம் ஆண்டு, அமெரிக்காவின் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் இராபர்ட் கேடு என்னும் சிறுநீரக மருத்துவர் பணியாற்றினார். அப்பல்கலைக்கழக அணியின் துணைப் பயிற்சியாளர் ஒருவர், ஆட்டத்தின்போது தம் வீரர்களுக்குச் சிறுநீரே கழிவதில்லை, ஏன் என்று மருத்துவர் குழுவிடம் வினவினார். ஆராய்ந்தபோது, அவர்கள் அத்தனை நீரையும் வியர்வையாகவே இழந்துகொண்டிருந்தமை புலனாயிற்று. நீர், உப்பு, சர்க்கரை, பாசுபேட்டு ஆகியவற்றைக் கலந்து கேடும் அவருடைய தோழர்களும் ஒரு பானம் ஆக்கினர். வாயில் வைக்க இயலாத சுவை! எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பாருங்கள் என்று வழி கூறியவர் கேடின் மனைவி மேரி. ஆய்வுக் கூடத்தில் பிறந்த பானம் ஓர் இல்லத்தரசியின் சொல்லால்தான் குடிக்கத்தக்கதாயிற்று. அந்த அணியின் பட்டப்பெயரையொட்டி அதற்குக் ‘கேட்டரேடு’ என்று பெயரிட்டனர். இன்று உலகெங்கும் விற்கப்படும் விளையாட்டுப் பானங்களுக்கெல்லாம் மூத்தது அதுவே.

மற்றொரு வரலாறு நம் நாட்டில் நிகழ்ந்தது. 1971ஆம் ஆண்டு வங்காளதேச விடுதலைப் போரின்போது இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்திற்குள் வந்து சேர்ந்தனர். எல்லையருகே உள்ள பொங்காவுன் ஊர் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியாகச் செலுத்தும் உப்பு நீர் தீர்ந்துகொண்டிருந்தது. அங்குப் பணியாற்றிய திலீப் மகாலனபிசு என்னும் மருத்துவர், குளுக்கோசு 22 கிராம், சாதாரண உப்பு மூன்றரைக் கிராம், சமையல் சோடா இரண்டரைக் கிராம் என்று பொட்டலங்களாகக் கட்டச் செய்து, அவற்றை ஒரு லிட்டர் நீரில் கரைத்து நோயாளிகளுக்குப் புகட்டுமாறு அவர்களுடைய உறவினரிடமே கொடுத்தார். அதற்கு முன் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேர் மாண்ட இடத்தில் இறப்பு நூற்றுக்கு 4 பேருக்கும் கீழாகக் குறைந்தது. குழந்தைகளின் வயிற்றுப்போக்கிற்கு இன்று நாம் வாங்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் அதன் வழி வந்ததே. மகாலனபிசு 2022ஆம் ஆண்டு காலமானார். மறு ஆண்டில் அவருக்குப் பத்ம விபூசண் விருது அறிவிக்கப்பெற்றது.

இரண்டு பானங்களிலும் உப்பும் சர்க்கரையும் ஒருங்கே இருப்பது தற்செயல் அன்று. சிறுகுடலின் சுவரில் நுண்ணிய வாயில்கள் உள்ளன. சோடியமும் குளுக்கோசும் கைகோத்து வந்தால் அவ்வாயில் திறக்கிறது. அவை உள்ளே செல்ல, நீரும் பின்தொடர்ந்து செல்கிறது. 1960ஆம் ஆண்டு பிராகு நகரில் நடைபெற்ற கருத்தரங்கு ஒன்றில் இராபர்ட் கிரேன் என்னும் அறிஞர் இவ்வுண்மையை எடுத்துரைத்தார். ஈண்டு நாம் கருத்தில் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு: வாயிலைத் திறக்கச் சிறிதளவு சர்க்கரையே போதும். இன்று உலக நல நிறுவனம் பரிந்துரைக்கும் கரைசலில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோசுதான் உண்டு. அதற்கு மேல் இடப்படும் சர்க்கரை ஓடுபவனுக்குத் தீனியாகலாம். ஓடாதவனுக்கு வெறும் கொழுப்பாகவே சேரும். அளவு மீறினால், குடல் நீரை உள்ளே இழுப்பதற்கு மாறாக உடலின் நீரைக் குடலுக்குள் இழுத்துவிடும். மிகு இனிப்புப் பானத்தைக் குடித்துவிட்டு ஓடும் பிள்ளைக்கு வயிறு பிசைவது இதனாலேதான்.

இப்பொழுது கடைப் புட்டியை எடுத்து அதன் பின்புறத்தைப் படிப்போம். விளையாட்டுப் பானங்களில் பொதுவாக நூற்றுக்கு 6 பங்கு சர்க்கரை இருக்கும். அரை லிட்டர்ப் புட்டியில் அது 30 கிராம். தேக்கரண்டிக் கணக்கில் ஏழுக்கு மேல். நாள் முழுவதும் உணவில் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரையை 25 கிராம் அளவில் நிறுத்திக்கொள்வது மேல் என்பது உலக நல நிறுவனம் 2015ஆம் ஆண்டு வழங்கிய அறிவுரை. ஒரு புட்டியிலேயே அது கடந்துபோயிற்று. காலைத் தேநீர் இன்னும் கணக்கில் வரவில்லை. ‘எனர்ஜி’ என்னும் பெயரோடு விற்கப்படும் வேறு சில பானங்களில் காபியில் உள்ள காபீனும் மிகுதியாகக் கலந்திருக்கும். அவை வளரும் பிள்ளைகளுக்கு எவ்வகையிலும் ஆகா.

வேறொரு குழப்பத்தையும் இங்கே நீக்கிவிடுதல் நலம். வயிற்றுப்போக்கிற்கான உப்புச் சர்க்கரைக் கரைசல் மருந்து. விளையாட்டுப் பானம் மருந்தன்று. குழந்தை வயிற்றுப்போக்கால் வாடும்போது வண்ணப் பானத்தைப் புகட்டினால் அதிலுள்ள மிகு சர்க்கரை நோயை மோசமாக்கும். இனிப்புப் பானங்களின் பெயரிலேயே ‘ஓ.ஆர்.எஸ்.’ என்னும் எழுத்துகளை அச்சிட்டு விற்ற வழக்கம் நம் நாட்டில் பல ஆண்டுகள் இருந்தது. உணவுப் பொருளாக விற்கப்படும் எப்பானத்தின் பெயரிலும் அவ்வெழுத்துகள் இடம்பெறலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2025ஆம் ஆண்டு அக்டோபரில் ஆணையிட்டது. காலம் தாழ்ந்தேனும் வந்த நல்ல ஆணை. மருந்துக் கடையில் வாங்கும்போது, உலக நல நிறுவனத்தின் அளவுப்படி ஆனதா என்று உறையைப் படித்தே வாங்குங்கள்.

இனி அடுக்களைக்குச் செல்வோம்.

நாம் முதலிடம் தருவது நீர்மோருக்கு. ஒரு குவளைத் தயிருக்கு நான்கு குவளை நீர் விட்டு நன்றாகக் கடைந்து, திரளும் வெண்ணெயை எடுத்துவிட வேண்டும். ஏறக்குறைய ஒரு லிட்டர் மோர் கிடைக்கும். அதில் தூள் உப்பு கால் தேக்கரண்டி. நெடுநேரம் வெயிலில் உழைத்தவர்க்கு அதனினும் சிறிது கூட்டலாம். தட்டிய இஞ்சி, கிள்ளிய கறிவேப்பிலை, கொத்துமல்லி, ஒரு துளி பெருங்காயம் ஆகியவை அவரவர் வீட்டுக் கைப்பக்குவம். இதில் பாலின் இயற்கைச் சர்க்கரை சிறிதளவு உண்டு. வெளியிலிருந்து ஒரு கரண்டியும் சேர்க்க வேண்டியதில்லை. களைத்த தசைக்கு வேண்டிய புரதமும் சிறிது கிடைக்கிறது. நீரிழிவு உடையோரும் அச்சமின்றிப் பருகலாம். கோடையில் நம் முன்னோர் வழிப்போக்கர்க்குப் பந்தலிட்டு எதனை வழங்கினர் என்று எண்ணிப் பாருங்கள்.

இனிப்பும் புளிப்பும் விரும்பும் பிள்ளைகளுக்கு எலுமிச்சை நீர். கொதித்து ஆறிய நீர் ஒரு லிட்டர், தட்டையாக வழித்த கால் தேக்கரண்டித் தூள் உப்பு, சர்க்கரை ஆறு தேக்கரண்டி, எலுமிச்சம்பழம் ஒன்று. இவ்வளவே. இதில் ஒரு லிட்டருக்குச் சர்க்கரை ஏறத்தாழ 24 கிராம். கடைப் பானத்தில் அதே அளவு நீருக்கு 60 கிராம். உப்போ கடைப் பானத்தில் உள்ளதற்குக் குறைவில்லை. நாள் முழுவதும் போட்டியில் ஆடுபவனுக்குச் சர்க்கரையைப் பத்துக் கரண்டி வரை உயர்த்தலாம். அவன் அதனைச் செலவழித்துவிடுவான். கோடையில் எலுமிச்சம்பழம் பொன்விலை விற்கும் நாட்களில் நார்த்தங்காயோ புளிப்பு மாங்காயோ அதன் பணியைச் செய்யும். உப்பில் ஊறிய நார்த்தங்காயை இட்டால் வேறு உப்பு வேண்டா.

உப்பை அளப்பதில்தான் எச்சரிக்கை வேண்டும். தூள் உப்பையே அளக்க வேண்டும். கல்லுப்பைக் கரண்டியால் அள்ளினால் கல்லின் பருமனுக்கேற்ப அளவு மாறும். ‘ஒரு சிட்டிகை’ என்பதும் அளவன்று. மாமியார் சிட்டிகை வேறு, மருமகள் சிட்டிகை வேறு. கலக்கி முடித்ததும் முதலில் தாமே ஒரு மிடறு சுவைத்துப் பார்க்கட்டும். கண்ணீரினும் மிகுதியாகக் கரித்தால் அதனை ஒருவருக்கும் கொடுக்கலாகாது. நீர் விட்டுத் தளர்த்த வேண்டும். மிகு விலைக்கு விற்கும் இந்துப்பில் தனிப் பெருமை ஒன்றும் இல்லை. அதுவும் சோடிய உப்பே. அயோடின் கலந்த சாதாரண உப்புதான் குடும்பத்திற்கு ஏற்றது.

சர்க்கரைக்கு மாற்றாக வெல்லமோ கருப்புக்கட்டியோ இடலாமா என்று கேட்பர். தாராளமாக இடலாம்; மணமும் சுவையும் மிகும். வெல்லமும் ஏலமும் சுக்கும் எலுமிச்சையும் சேர்ந்த பானகம் பழமையான பானம். கால் கரண்டி உப்பும் சேர்ந்தால் நம் நோக்கத்திற்கு முற்றும் பொருந்தும். ஆனால் வெல்லம் என்பதால் அளவின்றி இடலாம் என்று எண்ணற்க. வெல்லத்திலும் தேனிலும் பெரும்பகுதி சர்க்கரையே. நீரிழிவு உடையோர்க்கு அவற்றால் விலக்கு ஏதும் கிடையாது. பதநீரும் அத்தகையதே. நம் கடற்கரைத் தேரிக்காட்டின் அமிழ்தம் என்று அதனைப் போற்றுகிறோம். நமக்கும் அதில் விருப்பம் உண்டு. ஆயினும் அதில் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில் சர்க்கரை உள்ளமையால், ஆடியவன் தாகத்திற்கென்று பருகுவதாயின் சம அளவு நீர் சேர்த்துக்கொள்வது நன்று. பனையேறி இதனைக் கேட்டால் நம்மைக் கடிந்துகொள்வார்!

இளநீரைப்பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இயற்கை தந்த தூய பானம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதில் மிகுந்திருப்பது பொட்டாசியம். வியர்வையில் மிகுதியாக இழந்தது சோடியம். எனவே நீண்ட உழைப்பிற்குப்பின் இளநீர் மட்டும் போதாது. ஒரு சிறிது உப்பைச் சேர்த்துக்கொள்ளலாம், அல்லது உப்புள்ள உணவோடு பருகலாம். சிறுநீரகக் கோளாறு உடையோர் மருத்துவரைக் கேளாமல் இளநீரைத் தொடலாகாது. பொட்டாசியம் அவர்களுக்குத் தீங்கு செய்யும்.

செலவே இல்லாதது ஒன்றுண்டு. அது நீராகாரம். இரவுச் சோற்றில் நல்ல நீரை ஊற்றி வைத்து, காலையில் அந்நீரில் சிறிது உப்பிட்டுப் பருகுவது. சோற்றின் மாவுச்சத்துக் குடலில் குளுக்கோசாக மாறி, முற்கூறிய வாயிலைத் திறக்கும். அரிசியால் ஆன கரைசல் காலரா நோயாளிகளுக்கு நற்பயன் தந்தது என்பதை மருத்துவ ஆய்வுகள் நிறுவியுள்ளன. விடியலில் ஓடப் பழகும் பிள்ளைகள் திரும்பி வந்ததும் பழைய சோறும் அதன் நீரும் சிறு வெங்காயமும் உண்பார்களாயின் நீரும் உப்பும் உணவும் ஒரே கலத்தில் கிடைத்தன என்று கொள்ளலாம். பழைய சோறு உண்பது ஏழ்மையின் அடையாளம் என்று வெட்கி, அதை மறைத்து உண்ணும் இல்லங்களை நாம் அறிவோம். வெட்கத்திற்கு அதில் இடமேயில்லை.

எவ்வளவு பருக வேண்டும்? தாகம் தீரும்வரை, சிறுகச் சிறுக. மறுநாள்தான் அடுத்த ஆட்டம் என்றால் அவ்வளவே போதும். அன்றே மீண்டும் ஆட வேண்டியிருந்தால், குறைந்த ஒவ்வொரு கிலோ எடைக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை, இரண்டு மூன்று மணி நேரத்தில் பரப்பிப் பருகலாம். ஒரே மூச்சில் வயிறு முட்டக் குடித்தல் தீது. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது இங்கே சொல்லணியன்று, மெய்யான செய்தி. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் நகரின் நெடுந்தொலை ஓட்டத்தில் ஓடிய 488 பேரின் குருதியைச் சோதித்தபோது நூற்றுக்கு 13 பேருக்குச் சோடியம் இயல்பான அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. வழிநெடுக மிகுதியாக நீர் அருந்தி, புறப்பட்டபோது இருந்ததைவிட எடை கூடி வந்து சேர்ந்தவர்களிடமே இது மிகுதி. அந்நிலை முற்றினால் மூளை வீங்கி உயிருக்கே தீங்காகும். ஆடும் பிள்ளைகளைக் குடி, குடி என்று வற்புறுத்தும் பயிற்சியாளர்கள் இதனை மனத்தில் இருத்துவார்களாக.

ஒருவன் வெயிலில் ஆடும்போது நிலைதடுமாறினால், பேச்சுக் குழறினால், உடல் நெருப்பாய்ச் சுட்டால், அது பானத்தால் தீரும் களைப்பன்று. அவன் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். குருதிக் கொதிப்பு உடையோரும், இதய நோயினரும், சிறுநீரக நோயினரும் உப்புக் கலந்த நீரை மருத்துவர் சொற்படியன்றி அருந்த வேண்டா.

இதுவரை நாம் விளையாடும் பிள்ளையைப்பற்றியே பேசினோம். ஆனால் அவ்வில்லத்தில் மிகுதியாக வியர்ப்பவர் யார்? விடியலில் மீன் ஏலத்திற்கு ஓடி, கூடை நிறையச் சுமந்து, நண்பகல் வரை தெருத்தெருவாக நடப்பவர் அப்பிள்ளையின் தாய். அவருடைய உழைப்பிற்கு உடற்பயிற்சி என்று எவரும் பெயரிடவில்லை. அவர் பருகவென்று எவரும் ஒரு புட்டி செய்யவுமில்லை. வழியில் என்ன அருந்துவீர்கள் என்று நாம் கேட்டதற்கு, காலையில் ஒரு தேநீர், பிறகு வீடு திரும்பித்தான் தண்ணீர் என்றார். காரணம், சந்தையருகே பெண்கள் ஒதுங்க இடமில்லை. நீர் பருகினால் சிறுநீர் கழிக்க வேண்டுமே என்றஞ்சி நாவறள நடக்கிறார். இத்தகைய பெண்கள் ஆயிரக்கணக்கில் உளர் என்பதை நாம் எழுதித்தான் அறியவேண்டுமென்பதில்லை. அடக்கி அடக்கி வைப்பதால் சிறுநீர்த் தொற்றும், நீர் குறைவதால் சிறுநீர்க் கல்லும் வருகின்றன. எல் சால்வடோர், நிகராகுவா ஆகிய நாடுகளில் கரும்புத் தோட்டங்களில் கொளுத்தும் வெயிலில் உழைக்கும் தொழிலாளர் பலர் இளவயதிலேயே சிறுநீரகம் பழுதுற்று மடிந்தனர். வெப்பமும் நீரிழப்பும் அதற்கு முதன்மையான காரணங்களுள் அடங்கும் என்று அறிஞர் கருதுகின்றனர். உப்பளத்திலும் செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் நிற்கும் நம் மக்களின் நிலை அதனின்று வெகு தொலைவில் இல்லை.

வீட்டில் ஆக்கும் பானத்தின் மெய்யான சிறப்பு இங்கேதான் விளங்கும். 50 ரூபாய்ப் புட்டி ஒருவனுக்கே போதும்; அதுவும் கேட்டு வாங்குபவனுக்கே போய்ச் சேரும். ஒரு பானை நீர்மோரோ அதே பணத்தில் பாதிக்கும் குறைவாகச் செலவழித்து ஆக்கப்படுவது; ஆடியவனும் குடிப்பான், வலையிழுத்த தகப்பனும் குடிப்பார், அடுப்படியில் வெந்தவரும் குடிப்பார். அதனைக் கடையும் பணியும் தாயின் தலையிலேயே விழவேண்டும் என்பதும் இல்லை. பதினாறு வயதுப் பையனுக்கு மத்துப் பிடிக்கத் தெரியாதா? ஆடப் போகும் முன் அவனே கடைந்து வைக்கட்டும். காலையில் தாய் புறப்படும்போது ஒரு புட்டி எலுமிச்சை நீரைக் கூடையில் வைத்து அனுப்பட்டும். சந்தையில் பெண்களுக்குக் கழிப்பிடம் அமைக்குமாறு ஊராட்சியிடம் விண்ணப்பிக்கும் பொறுப்பு மட்டும் பிள்ளைகளுடையதன்று. அது நம்முடையது, பங்குப் பேரவைகள் அடுத்த கூட்டத்திலேயே அதனை எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

திடலில் பானை வைக்க விரும்பும் இளைஞர் மன்றங்களுக்குச் சில குறிப்புகள். பித்தளைப் பாத்திரத்தில் மோரையும் எலுமிச்சை நீரையும் வைக்கலாகாது, களிம்பேறி நஞ்சாகும். மண்பானையோ எவர்சில்வர்த் தூக்கோ நல்லது. மீன் பதப்படுத்தும் பனிக்கட்டி குடிப்பதற்கு உரியதன்று. எத்துணை வெயிலாயினும் அதனை உடைத்துப் போடாதீர்கள். குவளையைப் பானைக்குள் முக்காமல் நீண்ட பிடியுள்ள அகப்பையால் மொண்டு ஊற்றுங்கள். உப்புக் கரண்டி நாள்தோறும் ஒருவர் கையிலேயே இருக்கட்டும். இருவர் இட்டால் இருமடங்காகும். அன்றன்று ஆக்கியதை அன்றே தீர்த்துவிட வேண்டும். திடலில் எஞ்சிய எலுமிச்சை நீரை மறுநாளுக்கு வைக்க வேண்டா. நீர்மோராயின் இரவுச் சோற்றோடு தீர்ந்துவிடும்.